ரேஷன் கடைச் சுவரில் எங்கள் பிள்ளைகள்: ஒரு நன்றி மடல்

அன்புள்ள ஊர்க்காரர்களுக்கும், வெளியூரில் இருந்தபடியே எங்களை விசாரித்துக்கொண்டிருந்த பழைய மாணவர்களுக்கும்,

வணக்கம்.

புதிய சாதனைப் பதிவேட்டின் கடைசிப் பக்கத்தை இன்று சாயங்காலம் எழுதி முடித்தோம். தலைமையாசிரியர் கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, பீரோவின் மேல்தட்டில் வைத்துப் பூட்டினார். கீழ்த்தட்டில் இனி எதையும் வைப்பதில்லை என்று முடிவாகிவிட்டது. வீட்டுக்குப் போய்ச் சோறாக்கிவிட்டு இதை எழுதலாம் என்றுதான் நினைத்தேன். நாளைக்கு என்று தள்ளிப்போட்டால் அலுவலகக் கடிதம் மாதிரி ஆகிவிடும். அதனால் ஆசிரியர் அறையிலேயே உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஃபெஞ்சல் புயல் வந்ததையும் தென்பெண்ணை ஆறு கரை மீறியதையும் நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது என்று செய்தியில் சொன்னபோது, நம்மில் பாதிப்பேர் செய்தி கேட்கிற நிலைமையிலேயே இல்லை. பள்ளிக்குள் வெள்ளம் புகுந்ததும் வகுப்புகளைக் கல்யாண மண்டபத்துக்கு மாற்றியதும் தெரிந்ததுதான். அதை விட்டுவிடுகிறேன்.

வகுப்பறையில் முழங்கால் சேற்றில் நின்று மண்வெட்டி பிடித்த பழைய மாணவர்களே, வெளியூரிலிருந்து வந்து வேலை முடிந்ததும் டீ கூடக் குடிக்காமல் லாரி ஏறிய தூய்மைப் பணியாளர்களே, கரும்பலகைகளைத் தலையில் சுமந்து வந்து கொடுத்த தொடக்கப்பள்ளிக்காரர்களே, இல்லம் தேடிக் கல்வித் தன்னார்வலர்களே, மண்டபத்துச் சமையல்கட்டில் ஒரு நாளும் சத்துணவு தவறாமல் பார்த்துக்கொண்ட அமைப்பாளர் அக்காவே, பாடநூல் நனைந்த பிள்ளைகளின் பட்டியலை வீடு வீடாகப் போய் எடுத்த பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவியே, பெயர் போடாமல் ஜியோமெட்ரி பாக்ஸ் அனுப்பியவரே, எல்லாருக்கும் நன்றி. “மார்கழியில ஏது கல்யாணம், பிள்ளைங்க இருந்துட்டுப் போகட்டும்” என்று வாடகை வாங்காமல் சாவியைக் கொடுத்த மண்டபத்துக்காரருக்குத் தனியாக ஒரு கும்பிடு. தை பிறந்தும் அவர் எங்களைக் கிளம்பச் சொல்லவில்லை.

இத்தனை பேரை ஒரே மூச்சில் சொல்லி முடித்ததற்கு யாரும் கோபித்துக்கொள்ள மாட்டீர்கள் என்று தெரியும். ஏனென்றால் அடுத்து நான் சொல்லப்போகும் ஆளை உங்கள் எல்லாருக்கும் தெரியும். அவர் செய்த காரியம் மட்டும் முழுசாகத் தெரிந்திருக்காது.

நம் ரேஷன் கடையில் எடை போடும் அண்ணன்.

எங்கள் மாதத் தாளைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. 2022இல் பள்ளி மேலாண்மைக் குழுவைப் புதிதாக அமைத்தபோது, கூட்டத்துக்கு வர முடியாத பெற்றோருக்கு விஷயம் போய்ச் சேர வேண்டுமே என்று தொடங்கியது அது. நடவுக்கும் கரும்பு வெட்டுக்கும் போகிறவர்கள் ஒரு வேலை நாளில் மத்தியானம் மூன்று மணிக்குப் பள்ளிக்கு எப்படி வருவார்கள்? ஒரு முழுநீளத் தாள், ஒரு பக்கம் மட்டும். அந்த மாதம் எந்தப் பிள்ளை என்ன செய்தது, அடுத்த மாதம் என்ன தேர்வு, எதற்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள், அவ்வளவுதான். ஊரில் மூன்று இடங்களில் ஒட்டுவோம்: பேருந்து நிழற்குடை, பால் சங்கம், ரேஷன் கடையின் இருப்பு விவரப் பலகைக்குப் பக்கத்துச் சுவர். நிழற்குடையில் ஒட்டியதை இரண்டே நாளில் ஏதாவது ஒரு சுவரொட்டி மூடிவிடும். பால் சங்கத்தில் ஆடு தின்றுவிடும், நிஜமாகவே. ரேஷன் கடையில் மட்டும் மாசம் முழுக்க நிற்கும். ரேகை வைக்கும் மெஷின் சுற்றிக்கொண்டே இருக்கிற நாட்களில் வரிசையில் நிற்பவர்களுக்குப் படிக்க வேறு என்ன இருக்கிறது!

டிசம்பரில் போனவற்றில் எதுவும் திரும்பக் கிடைக்காது என்று நாங்கள் கைவிட்டது சாதனைப் பதிவேட்டைத்தான். சேர்க்கைப் பதிவேடு மேலே இருந்ததால் தப்பியது. மதிப்பெண்ணும் வருகையும் எமிஸ் என்ற கல்வித்துறை இணையதளத்தில் இருக்கின்றன. (எமிஸில் ஏற்றி ஏற்றியே எங்கள் கண் போனது வேறு கதை, ஆனால் இந்தத் தடவை அதைக் குறை சொல்ல மாட்டேன்.) குறுவட்டக் கபடியில் யார் ஆடினார்கள், கலைத்திருவிழாவில் வட்டார அளவில் பறையடித்தது எந்தப் பிள்ளை, 1330 குறளையும் தடுமாறாமல் ஒப்பித்தது யார் என்பதெல்லாம் அந்த ஒரு நோட்டில் இருந்தது. அதோடு சான்றிதழ் நகல்களும் படங்களும். எல்லாம் கூழாகிவிட்டன. பிள்ளைகள் வீட்டில் வைத்திருந்த அசல் சான்றிதழ்களும் அந்தந்த வீட்டோடு நனைந்துபோயின.

மார்கழி பிறந்த சமயம். மண்டபத்து மேடையில் பத்தாம் வகுப்புக்கு இலக்கணம் நடத்திக்கொண்டிருந்தேன். அண்ணன் செருப்பைக் கழற்றிவிட்டு வாசலிலேயே நின்றார். ஏதோ அட்டை விஷயமாக வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

“டிசம்பர் தாள் இன்னும் வரலியே டீச்சர். சனங்க கேக்குறாங்க.”

கம்ப்யூட்டர் போய்விட்டது, பிரிண்டர் போய்விட்டது, பதிவேடே போய்விட்டது அண்ணே, இனி ஜூனுக்குத்தான் என்று சொன்னேன். “பதிவேடா?” என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார்.

மறுநாள் காலை, பிள்ளைகள் வருவதற்கு முன்பே, அரிசிச் சாக்கில் சுற்றிய ஒரு கட்டோடு வந்தார். பிரித்துப் பார்த்தால் எங்கள் மாதத் தாள்கள்! 2022இல் ஒட்டிய முதல் தாளிலிருந்து மழைக்கு முந்தைய தாள் வரைக்கும். ஒவ்வொரு மாதமும் புதுத் தாள் ஒட்ட வரும்போது பழையதை ஈரத்துணி வைத்து ஊறவிட்டுக் கிழியாமல் உரித்திருக்கிறார். சாக்கு தைக்கிற கோணி ஊசியும் சணலும் வைத்து ஓரத்தில் தைத்து, முன்னும் பின்னும் அட்டை கொடுத்து, வீட்டுப் பரணில் வைத்திருக்கிறார். மூன்று வருஷமாகத் தாள் ஒட்டுகிற எனக்கு இது தெரியாது.

எதற்கு அண்ணே இதையெல்லாம் எடுத்து வைத்தீர்கள் என்று கேட்டேன்.

“பசங்க பேரு போட்டிருக்கு டீச்சர். கிழிச்சுக் குப்பையில போட மனசு வரல.”

அவர் பிள்ளைகள் படித்து முடித்துப் பல வருஷம் ஆகிவிட்டது. எங்கள் பள்ளியில் இப்போது அவர் வீட்டுப் பிள்ளை ஒன்றுகூட இல்லை.

தாள்களைப் புரட்டப் புரட்ட இன்னொன்று தெரிந்தது. பிள்ளைகளின் பெயருக்குப் பக்கத்தில் பேனாவால் சின்னதாக எழுதியிருக்கிறார்: ‘பம்புசெட்டு வீடு’, ‘தச்சர் பேத்தி’, ‘மேலத்தெரு, அப்பா திருப்பூர்’. வரிசையில் நிற்பவர்கள் “இது யாரு வீட்டுப் புள்ள?” என்று கேட்பார்களாம், சொல்ல வசதியாக இருக்கட்டும் என்று குறித்து வைத்தாராம். ஒரே பெயர், ஒரே தலைப்பெழுத்தில் எங்களிடம் இரண்டு பெண்கள் இருக்கிறார்கள். பேச்சுப்போட்டியில் பரிசு வாங்கியது எந்தப் பெண் என்று நாங்களே தடுமாறிய இடத்தில் ‘தச்சர் பேத்தி’தான் தீர்த்து வைத்தது. இப்போது பத்தாம் வகுப்பில் இருக்கும் ஒரு மாணவி, கபடிச் சான்றிதழ் வீட்டோடு போய்விட்டதென்று யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறாள். எட்டாம் வகுப்பில் அவள் ஆடிய அணியின் பெயர்ப் பட்டியல் அப்போதைய தாளில் முழுசாக இருந்தது. அதை வைத்துத்தான் உடற்கல்வி ஆசிரியர் சான்றிதழுக்கு மறுபடி எழுதிக் கேட்டிருக்கிறார்.

படிக்கத் தெரியாதவர்களுக்கு அண்ணன் சத்தமாகப் படித்தும் காட்டுவார் என்பது எனக்கு இப்போதுதான் தெரியும். 2022 செப்டம்பரில் புதுமைப் பெண் திட்டம் தொடங்கியபோது, ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்த பெண்கள் கல்லூரிக்குப் போனால் மாதம் 1,000 ரூபாய் என்று தாளின் அடியில் நாலு வரி போட்டிருந்தோம். சர்க்கரைக்கு நின்றுகொண்டிருந்த பெண்களிடம் அந்த நாலு வரியை அவர் திரும்பத் திரும்பப் படித்திருக்கிறார். “அந்த ரேஷன் கடை அண்ணன் சொல்லித்தான் தெரியும்” என்று ஓர் அம்மா அப்போதே என்னிடம் சொன்னார். அண்ணனுக்கு யார் சொன்னார்கள் என்று நான் யோசிக்கவே இல்லை.

இப்போது நான் சொல்ல நினைப்பது ஆசிரியர்களுக்கும் சேர்த்து. மேசை மேல் தாள்களை வரிசையாகப் பரப்பி எழுதிக்கொண்டிருந்தபோது கணித ஆசிரியைதான் கவனித்தார். எல்லாத் தாளிலும் ஒரே இடத்தில் எழுத்து மங்கியிருந்தது. நாங்கள் கட்டம் போட்டுப் பெரிய எழுத்தில் போட்ட முதல் பரிசுக்காரர்கள் இடம் அல்ல. கீழே, இடம் மிஞ்சினால் போடுவோம் என்று பொடி எழுத்தில் போட்ட ‘இந்த மாதம் ஒரு நாளும் விடுப்பு எடுக்காதவர்கள்’ பட்டியல். அங்கேதான் விரல்கள் அதிகம் பட்டிருக்கின்றன. அண்ணனிடம் கேட்டதற்கு, “அதுலதானே எல்லார் வீட்டுப் புள்ளயும் வருது. தேடித் தொட்டுப் பாத்துட்டுப் போவாங்க” என்றார்.

பரிசு வாங்கியவர்களின் பெயரைப் போடாமல் இருக்க முடியாது, போடத்தான் வேண்டும். ஆனால் ஐந்து வகுப்பு இருக்கிற பள்ளியில் மாதா மாதம் அதே ஏழெட்டுப் பெயர்கள் வந்தால், மற்ற வீட்டுக்காரர்களுக்கு அந்தத் தாள் அடுத்த வீட்டுக் கல்யாணப் பத்திரிகை மாதிரிதான். காலை நாலு மணிக்கு அப்பாவோடு பால் கறந்துவிட்டு ஒன்பது மணிக்குப் பிரார்த்தனைக் கூட்டத்தில் நிற்கிற பையனுக்கு எந்தப் போட்டியிலும் பரிசு இல்லை. கூட்டல் கழித்தலில் தடுமாறிக்கொண்டிருந்த ஏழாம் வகுப்புப் பிள்ளை இப்போது வகுத்தல் போடுகிறது, அதற்கு மாவட்ட அளவில் மேடை கிடையாது. இவர்களைப் போட இடம் இல்லை என்று இனி சொல்லப்போவதில்லை. ஜூன் தொடங்கி ஏப்ரலுக்குள் பள்ளியில் உள்ள ஒவ்வொரு பிள்ளையின் பெயரும் ஒரு தடவையாவது, ஏதாவது ஒன்றைச் செய்ததற்காக, தாளில் வந்தாக வேண்டும். இது என் வாக்கு. வகுப்பாசிரியர்கள் நால்வர் ஒத்துக்கொண்டுவிட்டார்கள். ஐந்தாமவர், “எழுதுறது நீங்கதானே, எழுதுங்க” என்றார். அதுவும் சம்மதம்தான்.

அண்ணனின் பெயரை இந்த மடலில் போட அனுமதி கேட்டேன். “வேணாம் டீச்சர். அப்புறம் ஆபீஸ்ல கூப்பிட்டு, கடை நேரத்துல என்ன தையல் வேலைன்னு கேப்பாங்க” என்று சிரித்தார். குடியரசு தினத்தன்று கொடியேற்றியதும் மேடைக்கு அழைத்தோம். கடை திறக்க வேண்டும் என்று சால்வையை வாங்கி மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு இறங்கிவிட்டார். அன்றைக்கு ரேஷன் கடை விடுமுறை என்பது அங்கே நின்ற அத்தனை பேருக்கும் தெரியும்.

அவர் தைத்த கட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம். நகல் எங்களிடம் இருக்கிறது. அசல் அவருடையது என்று தலைமையாசிரியரே சொல்லிவிட்டார்.

இனி செய்திக்கு வருகிறேன். பிப்ரவரித் தாள் முதல் வாரத்தில் ஒட்டப்படும். ஜனவரித் தாளைப் போலவே அதையும் கையால்தான் எழுதுகிறோம், பொறுத்துக்கொள்ளுங்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அந்த மாதம் என்.எம்.எம்.எஸ். என்ற உதவித்தொகைத் தேர்வு இருக்கிறது. மனத்திறனில் 90 கேள்வி, பாடத்தில் 90 கேள்வி. தேர்வானால் ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை மாதம் 1,000 ரூபாய். புத்தகம் இல்லாமல் மண்டபத் தரையில் உட்கார்ந்து படித்த பிள்ளைகள் இவர்கள். அந்த ஒரு நாள் மட்டும் எந்த வீட்டிலும் ஆடு மேய்க்க, தம்பியைப் பார்த்துக்கொள்ள என்று நிறுத்திவிடாதீர்கள். தேர்வு மையத்துக்கு ஆசிரியர்களே அழைத்துப் போகிறோம்.

அண்ணன் தைத்த கட்டுக்குள் இரண்டு மாதத் தாள்கள் இல்லை. 2023 ஆகஸ்ட் தாள் மழைச் சாரலில் சுவரோடு ஊறிப் போய்விட்டதாம். 2024 பிப்ரவரித் தாளை ஒருவர், மகன் பெயர் வந்திருக்கிறது என்று கேட்டு வாங்கிப் போயிருக்கிறார். யார் என்று அண்ணனுக்கு நினைவில்லை. அந்த அப்பா இதைப் படித்தால், தாள் பத்திரமாக இருந்தால், ஒரு மணி நேரம் மட்டும் கொடுங்கள். ஜெராக்ஸ் எடுத்துவிட்டு நானே வீட்டில் கொண்டுவந்து தருகிறேன். அந்த இரண்டு மாதம் பள்ளியில் நடந்த போட்டிகளின் படம் யாருடைய போனிலாவது இருந்தாலும் அனுப்புங்கள். பதிவேட்டில் அவற்றுக்காக நான்கு பக்கம் காலியாக விட்டிருக்கிறோம்.

நன்றியுடன்,
தமிழாசிரியை,
அரசு உயர்நிலைப் பள்ளி,
விழுப்புரம் மாவட்டம்.
ஜனவரி 2025