அன்கைலோசரஸை ஒரு பக்கமாவது சாப்பிட விடுங்கள்

குழந்தைகளுக்கான டைனோசர் புத்தகங்களை எழுதுகிறவர்களுக்கும் அவற்றுக்குப் படம் வரைகிறவர்களுக்கும்,

வணக்கம். உங்கள் புத்தகங்களை இரவில் வாசித்துக் காட்டும் வேலை என் தலையில் விழுந்து சில வருடங்கள் ஆகின்றன. எதைத் திறந்தாலும், உடம்பெல்லாம் கவசம் போர்த்திய டைனோசரான அன்கைலோசரஸுக்கு ஒரே படம்தான்: எதிரே வாயைப் பிளந்தபடி ஒரு டைரனோசரஸ், இந்தப் பக்கம் வாலைச் சுழற்றிக்கொண்டு இது. "இது எப்போ சாப்பிடும்?" என்று குழந்தை கேட்டால் காட்டுவதற்கு ஒரு பக்கம்கூட இல்லை.

இத்தனைக்கும் கவச டைனோசர்களின் சாப்பாட்டைப் பற்றித்தான் நமக்கு அருமையான சாட்சி கிடைத்திருக்கிறது. 2011இல் கனடாவின் ஆல்பெர்ட்டா மாகாணத்துச் சுரங்கம் ஒன்றில், மண் அள்ளும் இயந்திரத்தை ஓட்டியவர் கண்ணில் ஒரு விநோதமான பாறை பட்டது. அன்கைலோசரஸின் தூரத்து உறவான போரியலோபெல்டா அது. வயது சுமார் 11 கோடி ஆண்டுகள். செத்த உடல் கடலுக்குள் அடித்துச் செல்லப்பட்டு அடிச்சேற்றில் புதைந்ததால், தோலும் கவசத் தகடுகளும் இருந்த இடத்திலேயே இருந்தன. பாறையைச் சுரண்டி அதை வெளியே எடுக்க மார்க் மிட்செல் என்பவருக்கு ஏறத்தாழ 7,000 மணி நேரம் பிடித்தது. போரியலோபெல்டா மார்க்மிட்செல்லி என்ற அதன் முழுப் பெயரின் பின்பாதியில் இன்று அவர் இருக்கிறார்.

அதன் வயிற்றில் கடைசிச் சாப்பாடு அப்படியே இருந்தது. 2020இல் வந்த ஆய்வு அதைப் பிரித்துப் பார்த்தது. பெரும்பகுதி இலை, அதிலும் பெரணி இலை. கிடைத்ததையெல்லாம் வாரிப்போடும் பிராணி இல்லை, பொறுக்கித்தான் தின்றிருக்கிறது. கூடவே அரைப்பதற்கு உதவும் கூழாங்கற்கள், சுள்ளிகள், கொஞ்சம் கரி. காட்டுத்தீ எரிந்து, மறுபடி துளிர்த்த நிலத்தில் அது மேய்ந்திருக்க வேண்டும். சுள்ளிகளின் வளர்ச்சி வளையத்தை வைத்து, அது செத்தது வசந்தத்தின் கடைசிக்கும் கோடையின் நடுப்பகுதிக்கும் இடையில் என்றுகூடச் சொல்லிவிட்டார்கள். ஓவியர்களே, இதைவிட என்ன வேண்டும்? நிறமும் தயார்: முதுகு செம்பழுப்பு, வயிற்றுப்பக்கம் வெளிர். ஒரு டன்னுக்கு மேல் எடையும் கவசமும் இருந்தும் அதற்கு ஒளிந்துகொள்ளும் நிறம் தேவைப்பட்டிருக்கிறது.

அன்கைலோசரஸின் உடலும் தின்பதற்கென்றே அமைந்ததுதான். அகலமான அலகு, உடம்புக்குப் பொருந்தாத குட்டிப் பற்கள், செடிகொடியைப் புளிக்கவைக்கப் பீப்பாய் போன்ற வயிறு. இந்த வயிறு செத்த பிறகும் சும்மா இருக்கவில்லை. ஆல்பெர்ட்டாவில் கிடைத்த கவச டைனோசர்களில் பல மல்லாந்தே கிடந்தன. தண்ணீரில் மிதந்த உடல் வாயுவால் உப்பிக் கவிழ்ந்தது என்பது 2018இல் வந்த ஒரு விளக்கம். இந்தக் கதையைக் கேட்டுக் குழந்தைகள் சிரிக்கும் சிரிப்பு எந்தச் சண்டைப் படத்துக்கும் வராது.

சரி, வாலுக்கு வருகிறேன். அதன் நுனியில் இருக்கும் குண்டு, எதிரியின் எலும்பை உடைக்கக்கூடியதுதான், மறுக்கவில்லை. அமெரிக்காவின் மொன்டானாவில் கிடைத்த, அன்கைலோசரஸின் உறவான ஸூலுக்கு 2017இல் பெயரின் பின்பாதியை 'கீழ்க்காலை நொறுக்குபவன்' என்ற பொருளில் வைத்தார்கள். அப்போது எல்லோர் மனதிலும் டைரனோசரின் கால்தான் இருந்தது. 2022இல் அதே ஸூலின் இடுப்புப் பக்கத் தகடுகளில் உடைந்து ஆறிய காயங்கள் தெரிய வந்தன. வேட்டை விலங்கின் கடி அப்படி ஓரிடத்தில் குவியாது, அது தன் இனத்தானின் வாலடி என்பதுதான் ஆய்வாளர்களின் கணிப்பு. ஆகவே சண்டை இல்லாமல் புத்தகம் விற்காது என்றால், எதிரே இன்னொரு அன்கைலோசரஸை நிறுத்துங்கள்.

இன்னொன்று. 1908இல் பார்னம் பிரவுன் என்ற புதைபடிவ ஆய்வாளர் பெயர் சூட்டிய அன்கைலோசரஸின் முழு எலும்புக்கூடு இன்றுவரை கிடைக்கவில்லை. நீங்கள் வரைவதில் ஒரு பங்கு ஊகம். அதைப் படத்தின் ஓரத்தில் ஒரு வரியில் சொல்லிவிடலாம், குழந்தைகள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

அடுத்த பதிப்பில் கரிந்த மரங்களுக்கு நடுவே முளைத்த பெரணியில் தலையைக் குனிந்து நிற்கும் ஒன்றை வரையுங்கள். வால் பின்னால் சும்மா கிடக்கட்டும்.

இப்படிக்கு,
தினமும் ராத்திரி பதில் சொல்ல முடியாமல் முழிக்கும் ஒரு வாசகர்