செயலாளர் ஆண்டறிக்கை 2024–25: நம் மீட்புப் படகும் அதன் புரொப்பல்லரும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, கண்மாய்க்கரைத் தெருக்களிலிருந்து வந்திருக்கும் உறுப்பினர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

வெள்ளக் காலத்தில் ஆட்களை ஏற்றிவர மீட்புப் படகு வைத்திருக்கும் நம் சங்கத்தின் 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையிலான அறிக்கை இது. செயற்குழு ஒன்பது முறை கூடியது. புதிதாக ஆறு பேர் சேர்ந்திருக்கிறார்கள், அவர்களில் இருவர் கல்லூரி மாணவிகள். வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார் என்பதால் அதற்குள் நான் போகவில்லை.

நம் சங்கத்தின் மூத்தவர், பரிசல் தாத்தா என்று நாம் எல்லோரும் கூப்பிட்ட பெரியவர், ஆவணியில் காலமானார். வைகை அணையில் பரிசல் போட்டு மீன் பிடித்துப் பல வருடம் வாழ்ந்தவர். நாம் ஃபைபர் படகு வாங்கிய அன்றைக்குச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, “பின்னாடி கனம் ஜாஸ்தியா இருக்குப்பா, முன்னாடி ஆளை உட்கார வை” என்று சொன்னார். அன்று நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இந்த அறிக்கையில் பெரும்பகுதி அவர் சொன்ன அந்த வார்த்தையைப் புரிந்துகொண்ட கதைதான். அவர் குடும்பத்தாருக்குச் சங்கத்தின் ஆழ்ந்த இரங்கல்.

2024 அக்டோபர் 25 மழையை யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. மதுரையில் செல்லூர்ப் பக்கம் கண்மாய்த் தண்ணீரும் பந்தல்குடி வாய்க்காலும் தெருக்களுக்குள் வந்த நாள் அது. நம் பகுதியிலும் மறுகால் ஓடையை ஒட்டிய இரண்டு தெருக்களில் இடுப்பளவு தண்ணீர் நின்றது. படகை எடுத்தோம். இரண்டு பேராகப் போகும்போது ஒழுங்காகப் போனது. திரும்பும்போது நான்கு பெரியவர்கள், இரண்டு குழந்தைகள், சாமான் மூட்டை என்று ஏறியதும் படகு திணற ஆரம்பித்தது. கைப்பிடியை முழுக்கத் திருகினாலும் இன்ஜின் கனத்த குரலில் முனகியதே தவிர, ஓடை குறுக்கிடும் இடத்தில் தண்ணீரின் இழுப்பைத் தாண்ட முடியவில்லை. முன்பக்கம் வானத்தைப் பார்த்தது, பின்பக்கம் தண்ணீரோடு தண்ணீராக இருந்தது. கடைசியில் இரண்டு பேர் இறங்கிக் கயிறு கட்டி இழுத்துக் கரை சேர்த்தோம். யாருக்கும் காயமில்லை. ஆனாலும் அந்தக் குழந்தைகளின் முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

நவம்பர் கூட்டத்தில் கோபமாகத்தான் பேசினோம். நம் இன்ஜினின் 9.9 குதிரைத்திறன் போதாது, 15 வாங்க வேண்டும் என்று பெரும்பாலோர் சொன்னார்கள், நானும் சொன்னேன். இரண்டு லட்சத்தை ஒட்டிச் செலவாகும் என்று கணக்கும் போட்டோம். அப்போது நம் துணைத்தலைவர், “முதலில் கடற்கரைக்காரர் ஒருவரிடம் காட்டுவோம், அப்புறம் முடிவு செய்வோம்” என்றார். தேவிபட்டினம் பக்கத்தில் நாட்டுப்படகு மோட்டார்களைப் பழுது பார்க்கும் ஓர் அண்ணனை அழைத்துவந்தது அவர்தான். அன்று அவர் அதைச் சொல்லாமல் இருந்திருந்தால் தேவையில்லாத இன்ஜின் ஒன்று இன்று நம்மிடம் இருந்திருக்கும்.

வந்தவர் இன்ஜினைத் தொடவே இல்லை. முதலில் காற்றாடியைப் பார்த்தார். தண்ணீருக்குள் சுற்றிப் படகைத் தள்ளும் புரொப்பல்லரைக் கடற்கரையில் அப்படித்தான் சொல்கிறார்கள். அதன் நடுக்கட்டையில் வெட்டியிருந்த எண்களைப் படித்தார்: விட்டம் 9¼ அங்குலம், பிட்ச் 11. “இது சின்ன வள்ளத்தில் ஒரு ஆள், இரண்டு ஆள் வேகமாகப் போவதற்கு மாட்டுவது. நீங்கள் சுமை ஏற்றுகிறீர்கள்” என்றார்.

பிட்ச் என்றால் என்னவென்று உறுப்பினர்கள் எல்லோரும் தெரிந்துகொள்வது நல்லது. மரத்தில் ஸ்க்ரூவைத் திருகினால் ஒரு சுற்றுக்குக் குறிப்பிட்ட தூரம் உள்ளே போகும் அல்லவா? அதுபோல, புரொப்பல்லர் ஒரு முழுச் சுற்று சுற்றும்போது, தண்ணீர் நழுவவே நழுவாது என்று வைத்துக்கொண்டால், எத்தனை அங்குலம் முன்னே போகுமோ அதுதான் பிட்ச். பிட்ச் கூடினால் டாப் கியர், குறைந்தால் லோ கியர். வத்தலக்குண்டு தாண்டிக் கொடைக்கானல் மலை ஏறும் பஸ் டாப் கியரிலேயே ஏற முயன்றால் என்ன ஆகும்? அக்டோபரில் நம் இன்ஜினுக்கு நடந்தது அதுதான். இன்ஜின் அதற்குரிய சுற்றுக்கே வர முடியாமல் முழு எரிபொருளையும் வாங்கிக்கொண்டு திணறினால் சூடு ஏறும், கரி படியும், நாளடைவில் பிஸ்டனுக்கே கேடு. வேகம் குறைகிறது என்பதோடு இது முடிவதில்லை.

கார்த்திகையில் கண்மாய் நிறைந்திருந்தது. அனுமதி வாங்கி நான்கு ஞாயிற்றுக்கிழமை காலைகளில் ஓட்டிப் பார்த்தோம். ஆட்களை ஏற்றாமல் 40 கிலோ மணல் மூட்டை ஒன்பது ஏற்றினோம், அதாவது ஆறு பேர் எடை. ஓட்டுபவரும் குறிப்பெடுப்பவரும் தனி. ஸ்பார்க் பிளக் வயரில் சுற்றினால் சுற்றுகளைக் காட்டும் சின்ன மீட்டர் ஒன்று வாங்கினோம். வேகத்துக்குக் கைப்பேசியின் ஜி.பி.எஸ். போதும். காற்றை எதிர்த்து ஒரு முறை, காற்றோடு ஒரு முறை ஓட்டிச் சராசரி எடுத்தோம். இன்ஜினின் கையேடு முழு வேகத்தில் நிமிடத்துக்கு 5000 முதல் 6000 சுற்று வரவேண்டும் என்கிறது. நமக்குச் சுமையோடு வந்தது 4300. வேகம் மணிக்கு 13 கி.மீ.

அந்த 4300 சுற்றுக்குக் கணக்குப்படி எவ்வளவு போக வேண்டும்? நம் இன்ஜினின் கியர் விகிதம் 2.08, அதாவது இன்ஜின் 2.08 சுற்று சுற்றினால் புரொப்பல்லர் ஒரு சுற்று சுற்றும். அதனால் புரொப்பல்லர் நிமிடத்துக்கு ஏறத்தாழ 2070 முறை சுற்றுகிறது. அதை 11 அங்குலத்தால் பெருக்கினால் மணிக்கு 34 கி.மீ.க்கு மேல் வருகிறது. போனது 13. மீதி எல்லாம் நழுவல். தண்ணீருக்கு மேல் எழும்பி ஓடும் இலேசான படகுகளில் நழுவல் 10 முதல் 20 சதவீதம் இருக்கும். நம் படகு சுமையோடு தண்ணீரைக் கிழித்துப் போவதால் அந்த அளவுக்கு ஒருநாளும் வராது. ஆனாலும் மூன்றில் இரண்டு பங்கை ஒட்டிய நழுவல் மிக அதிகம்.

புரொப்பல்லரை மாற்றுவதற்கு முன் காசில்லாத இரண்டு வேலைகளை அண்ணன் செய்யச் சொன்னார். முதலாவது உயரம். நம் இன்ஜின் 15 அங்குல ஷார்ட் ஷாஃப்ட், அதாவது 15 அங்குல உயரப் பின்பலகைக்கென்று செய்த குட்டைக் கால் வகை. படகின் பின்பலகையோ 13 அங்குலம்தான். புரொப்பல்லருக்கு மேலே தட்டையாக ஒரு தகடு இருக்கிறதே, அது படகின் அடிப்பகுதியிலிருந்து 3 அங்குலம் கீழே தொங்கியது. அத்தனை உலோகமும் தண்ணீருக்குள் சும்மா இழுபட்டுக்கொண்டிருந்தது. பலகைமேல் 2 அங்குலத் தேக்குச் சட்டம் வைத்து உயர்த்தினோம், தகடு 1 அங்குலம் கீழே என்ற இடத்துக்கு வந்தது. ஆர்வத்தில் இன்னும் ஓர் அங்குலம் ஏற்றிப் பார்த்தோம். நேராகப் போகும்போது நன்றாக இருந்தது, திரும்பும்போது மேலிருந்து காற்றை இழுத்துக்கொண்டு இன்ஜின் அலறியது, படகு நின்றுவிட்டது. தகடு 1 அங்குலம் கீழே இருந்த இடத்துக்கே இறக்கிவிட்டோம்.

இந்த அலறலைக் கேட்டு நம் உறுப்பினர் ஒருவர் கேவிடேஷன் என்றார். அது வேறு, இது வேறு. வேகமாகச் சுற்றும் இறக்கையின் படகை நோக்கிய பக்கத்தில் அழுத்தம் மிகவும் குறைந்து, தண்ணீரே கொதித்து ஆவிக் குமிழியாகி, அந்தக் குமிழி உடையும்போது உலோகத்தை அரிப்பது கேவிடேஷன். அப்படி நடந்தால் இறக்கையில் அம்மைத் தழும்பு மாதிரிக் குழிகள் விழும். நம் புரொப்பல்லரில் ஒரு குழிகூட இல்லை. நமக்கு நடந்தது வெறும் காற்று புகுந்தது.

இரண்டாவது சாய்வு. இன்ஜின் எவ்வளவு சாய்ந்து நிற்க வேண்டும் என்று தாங்கிப் பிடிக்கும் கம்பி ஆணி நம்மிடம் வெளிப்பக்க ஓட்டையில் இருந்தது. அதனால் தள்ளுவிசை முன்பக்கத்தைத் தூக்குவதில் போனது. இரண்டு ஓட்டை உள்ளே மாற்றினோம். அதோடு மூன்று மூட்டைகளை முன்னே தள்ளி வைத்தோம். படகு உடனே சமமாக உட்கார்ந்தது. அந்த நிமிடம் பரிசல் தாத்தாவை நினைக்காதவர் அந்தப் படகில் யாரும் இல்லை. காசு செலவழிக்காமலேயே 4300 சுற்று 4500 ஆனது, வேகம் 14.

அதன் பிறகு, அண்ணன் கடனாகக் கொண்டுவந்த புரொப்பல்லர்களை மாட்டினோம். பிட்ச் ஓர் அங்குலம் குறைந்தால் 150 முதல் 200 சுற்று கூடும் என்று அவர் முன்கூட்டியே சொல்லியிருந்தார். 9 அங்குலம் மாட்டியதும் 4900, வேகம் 15. 8 அங்குலத்தில் 5100, வேகம் 16. கணக்குப்படி 30 போக வேண்டிய இடத்தில் 16, அதாவது நழுவல் பாதிக்கு வந்திருக்கிறது. மூன்று கி.மீ. கூடியது சின்ன விஷயமாகத் தெரியலாம். ஆனால் நின்ற இடத்திலிருந்து புறப்படும்போதும் எதிர்த் தண்ணீரிலும் அந்தப் படகு காட்டிய தெம்பைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். 8 அங்குலப் புரொப்பல்லரை ரூ.5,500க்கு வாங்கினோம். புதிய இன்ஜின் தீர்மானத்தைச் செயற்குழு ஒருமனதாகக் கைவிட்டது.

இதில் ஒரு விலை இருக்கிறது, அதையும் சொல்கிறேன். இரண்டு பேர் மட்டும் போகும்போது இந்த லோ கியரில் இன்ஜின் 6000ஐத் தாண்டிவிடும். அப்போது கைப்பிடியை முழுக்கத் திருகக் கூடாது, முக்கால் அளவு போதும். பாரம் இல்லாத படகின் உச்ச வேகமும் முன்பைவிடக் குறைவு. நாம் ஆட்களை ஏற்றிவரத்தான் படகு வைத்திருக்கிறோம் என்பதால் இந்தக் குறையை ஏற்றுக்கொண்டேன்.

பழைய புரொப்பல்லரின் கதையும் பதிவாக வேண்டும். கோடையில் சீமைக்கருவேலத் தூரில் மோதி ஓர் இறக்கையின் நுனி வளைந்தது. நகரில் ஒரு பட்டறையில் சுத்தியலால் தட்டி நிமிர்த்திக் கொடுத்தார்கள், நாமும் மாட்டிவிட்டோம். மூன்று இறக்கையும் ஒரே சாய்வில் இல்லாவிட்டால் தண்டு அதிரும். கண்ணுக்குத் தெரியாத அந்த வளைவோடு பல மாதம் ஓட்டியிருக்கிறோம். டிசம்பரில் கழற்றியபோது தண்டில் நைலான் வலை நூல் இறுகச் சுற்றியிருந்தது, ஆயில் சீல் வெட்டுப்பட்டிருந்தது, கியர் ஆயில் மோர் மாதிரி வெளுத்து வந்தது. தண்ணீர் உள்ளே போயிருக்கிறது என்று பொருள். சீலும் ஆயிலும் மாற்றிவிட்டோம். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் கியரும் பேரிங்கும் போயிருக்கும். கண்மாயில் வலையும் ஆகாயத்தாமரை வேரும் இருக்கும்வரை நமக்கு இது தொடர்ந்து வரும் தொல்லை.

ஆகவே சில வழக்கங்களைக் கொண்டுவந்திருக்கிறோம். மாதம் ஒருமுறை புரொப்பல்லரைக் கழற்றி நூல் பார்க்க வேண்டும், தண்டில் கிரீஸ் தடவ வேண்டும், காட்டர் பின் என்ற பூட்டுக் கம்பியைப் புதிதாகப் போட வேண்டும். புரொப்பல்லரின் உள்ளே தண்டோடு அதைப் பிணைக்கும் ரப்பர் புஷ் நழுவுகிறதா என்று தெரிய, நடுக்கட்டையில் உள்ளும் வெளியும் சேர்த்து ஒரு பெயின்ட் கோடு போட்டிருக்கிறோம். கோடு விலகியிருந்தால் புஷ் போய்விட்டது. கண்மாய் வற்றிய மாதங்களில் டிரம்மில் தண்ணீர் நிரப்பி, புரொப்பல்லரைக் கழற்றி வைத்துவிட்டு, பத்து நிமிடம் இன்ஜினை ஓட்ட வேண்டும். இன்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீர் பின்பக்கத் துளையில் பீய்ச்சி வராவிட்டால் உடனே நிறுத்துங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்று. தண்ணீரில் ஆள் இருக்கும்போது நியூட்ரலில் போட்டுவிட்டு நெருங்கக் கூடாது. இன்ஜினை அணைத்துவிட்டுத் துடுப்பால் போக வேண்டும். ஓட்டுபவர் கையில், அவர் விழுந்தால் இன்ஜினை அணைக்கும் நிறுத்துக் கயிறு கட்டியிருக்க வேண்டும். இதில் விலக்கு கேட்டு யாரும் என்னிடம் வர வேண்டாம்.

லைஃப் ஜாக்கெட் பயிற்சி இரண்டு முறை நடந்தது. தைத் தெப்பத்தின்போது மாரியம்மன் தெப்பக்குளத்தில் நம் உறுப்பினர்கள் சிலர் கூட்டத்தை ஒழுங்குபடுத்த உதவினார்கள்.

பொதுக்குழுவிடம் மூன்று ஒப்புதல் கேட்கிறேன். உபரியாக இன்னொரு 8 அங்குலப் புரொப்பல்லர் வாங்க வேண்டும், வெள்ளத்தில் ஒன்று உடைந்தால் அன்றைக்குக் கடை தேட முடியாது. தேக்குச் சட்டத்துக்குப் பதிலாகப் பின்பலகையையே 15 அங்குலத்துக்கு ஃபைபர் வைத்து உயர்த்த வேண்டும், சட்டம் ஈரத்தில் இளகத் தொடங்கியிருக்கிறது. தேவிபட்டினத்து அண்ணனுக்குப் பயணச் செலவும் கூலியும் தர வேண்டும். அவர் இதுவரை கேட்கவில்லை, அதனாலேயே நாம் தர வேண்டும்.

பழைய 11 அங்குலப் புரொப்பல்லர் அலுவலக அலமாரியின் கீழ்த்தட்டில் இருக்கிறது. நுனியில் சிவப்புப் பெயின்ட் அடித்திருக்கிறேன். அதை யாரும் எடுத்து மாட்டிவிட வேண்டாம்.

இப்படிக்கு,
செயலாளர்