நமது நடைப்பயிற்சிச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவருக்கும் செயலவையினருக்கும் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவர்கள்தான் அதிகம்; அவர்களுக்கு இது வாட்ஸ்அப்பில் போய்ச் சேரும்.

பொங்கல், தீபாவளி விருந்துகள் வழக்கம்போல் நடந்தன. தைப்பூசத்துக்குப் பத்துமலைக்கு நடந்தோம். இரத்த அழுத்தப் பரிசோதனை மழையால் தள்ளிப்போனது, அப்புறம் நடக்கவே இல்லை.

இவ்வாண்டின் முக்கியப் பணி புகைமூட்ட அறிவிப்பு. தென்மேற்குப் பருவக்காற்று சுமத்ராவின் புகையைத் தள்ளிக்கொண்டு வரும் மாதங்களில், கோலாலம்பூர் தித்திவங்சா ஏரிக்கு நடக்கப் போகலாமா என்று ஆளாளுக்கு எனக்கே போன் செய்வீர்கள். அதற்காகப் பைத்தான் என்ற கணினி மொழியில் ஒரு சிறு ஸ்கிரிப்ட் (தானாக ஓடும் நிரல்) எழுதினேன். காலை 6 மணிக்கு அது ஐபியு எனப்படும் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீட்டின் அட்டவணையை இணையத்தில் படித்து, நமக்குப் பக்கத்து நிலையமான பத்து மூடாவின் வரியை எடுக்கும். எண் 100-ஐத் தாண்டினால், அதாவது ஆரோக்கியமற்ற நிலை என்றால், ‘நடை ரத்து’ என்று டெலிகிராம் குழுவுக்கு அனுப்பும்.

“ஜன்னலைத் திறந்து பார்த்தால் தெரியாதா?” என்றார் ஒரு மூத்த உறுப்பினர். ஐயா, புகையிலுள்ள பிஎம் 2.5 என்ற நுண்துகள் கண்ணுக்குத் தெரியாது. வேலையும் அவ்வளவு லேசில்லை. பைத்தானுக்கான பாண்டாஸ் என்ற கருவித் தொகுப்பின் ரீட்-எச்டிஎம்எல் கட்டளை, இணையப் பக்கத்திலுள்ள அட்டவணைகளையெல்லாம் அள்ளித் தரும், சரி. ஆனால் அட்டவணையை ஜாவாஸ்கிரிப்ட் (பக்கத்துக்குள் ஓடும் நிரல்) பிறகு வந்து நிரப்பினால் அதன் கையில் வெறும் தலைப்புதான் கிடைக்கும். அப்போது பிரௌசரின் நெட்வொர்க் பகுதியில், அந்த எண்கள் ஜேசான் என்ற தரவு வடிவில் வரும் முகவரியைத் தேட வேண்டும். எண்ணின் வாலில் நட்சத்திரக் குறி ஒட்டியிருந்தால், அதை நீக்கி எண்ணாக மாற்ற வேண்டும். எழுத்தாகவே ஒப்பிட்டால் 98, 101-ஐ விடப் பெரிது என்று கணினி சொல்லும். முதல் எழுத்து 9 அல்லவா.

இத்தனைக்கும் பிறகு டெலிகிராமில் சேர்ந்தவர்கள் ஒரு கைப்பிடி. மற்றவர்கள் இன்னும் எனக்குத்தான் போன் செய்கிறார்கள்.

கணக்கைப் பொருளாளர் விளக்குவார். கடன் இல்லை, கையிருப்பும் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. சந்தா பாக்கி நிறைய. சந்தாப் பட்டியலும் ஓர் அட்டவணைதான். பாக்கிதாரர் பெயர்களைக் காலை 6 மணிக்குக் குழுவில் போட இதே ஸ்கிரிப்டுக்குச் சில வரிகள் போதும். இப்போதைக்குச் சேர்க்கவில்லை.

மண்டபம் தந்தவர்களுக்கும் தேநீர் ஏற்பாடு செய்த மகளிர் பிரிவுக்கும் நன்றி.

இக்கூட்டம் முடிந்து 60 நாட்களுக்குள் சங்கப் பதிவிலாகாவுக்கு ஆண்டுப் பத்திரம் அனுப்ப வேண்டும். அதற்குப் பொறுப்பாளர் பட்டியல் நிறைவாக வேண்டும். செயலாளர் பதவிக்கு இதுவரை யாரும் மனு தரவில்லை. என் பெயரை நானே எழுதிக்கொள்வதாக இல்லை. யாராவது முன்மொழிந்தால் பார்க்கலாம்.