சிறப்பு வகுப்பு நேரத்தைக் குறைக்கக் கோரும் மனு

அனுப்புநர்: பிளஸ் டூ மாணவனின் தாய், ராசிபுரம் வட்டம்.
பெறுநர்: முதன்மைக் கல்வி அலுவலர், நாமக்கல் மாவட்டம்.
பொருள்: அதிகாலை, இரவு நேரச் சிறப்பு வகுப்புகளை நிறுத்தக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். என் மகன் படிக்கிற தனியார் பள்ளியில் காலை ஏழு மணிக்கே சிறப்பு வகுப்பு, அதற்கு ஐந்தே முக்காலுக்கு வேன் வந்துவிடும். சாயங்காலம் மறுபடி வகுப்பு, அப்புறம் தேர்வு. வீடு வந்து சேர எட்டரை ஆகிறது, சாப்பிட்டு மறுநாள் தேர்வுக்குப் படித்து முடிக்கப் பதினொன்றரை. நாலே முக்காலுக்கு எழுப்பியாக வேண்டும். 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை என்று அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2016-இல் சொன்னது. இவனுக்குக் கிடைப்பது ஐந்தேகால்.

அவனுடைய வேதியியல் நோட்டைப் பார்த்தால் உங்களுக்கே புரியும். காலையில் எழுதிய பக்கத்தில் எழுத்து கோட்டை விட்டு இறங்கி, சமன்பாடு பாதியில் நின்று, பேனா அடி வரை இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. மத்தியானம் எழுதியது முத்து முத்தாக இருக்கிறது. தூங்கி வழிகிற பிள்ளைகளை எழுப்பி நிற்க வைக்கிறார்கள், சோம்பேறி என்கிறார்கள். கேட்கவே வயிறு எரிகிறது ஐயா.

சீக்கிரம் படுக்கச் சொல்லலாமே என்பார்கள். வளரும் பருவத்தில் தூக்கம் வரவழைக்கும் மெலடோனின் சுரப்பதே இரவில் தள்ளிப்போகிறது, படுத்தாலும் உடனே தூக்கம் வராது. படித்தது மனதில் பதிவதும் தூக்கத்தில்தான். அதைப் பிடுங்கிக்கொண்டு இன்னும் இரண்டு மணி நேரம் பாடம் நடத்தி என்ன பயன்?

நேரம் குறைந்தால் மார்க் குறையும் என்று பெற்றோரே பயப்படுகிறார்கள். அமெரிக்காவின் சியாட்டில் நகரில் 2016-இல் உயர்நிலைப் பள்ளி தொடங்கும் நேரத்தை 7.50-இலிருந்து 8.45-க்குத் தள்ளினார்கள். அங்கே இரண்டு பள்ளிகளில் ஆராய்ந்தபோது பிள்ளைகள் தினமும் 34 நிமிடம் கூடுதலாகத் தூங்கியது தெரிந்தது, ஒப்பிட்ட பாடத்தில் மதிப்பெண்ணும் 4.5 சதவீதம் கூடியிருந்தது. கலிபோர்னியாவில் 2022 முதல் பெரும்பாலான உயர்நிலைப் பள்ளிகள் 8.30-க்கு முன் தொடங்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது.

எனவே காலை 8.30-க்கு முன்போ மாலை 5.30-க்குப் பின்போ எந்த வகுப்பும் தேர்வும் கூடாது, ஞாயிறு முழு விடுமுறை என்று மாவட்டத்தின் எல்லாப் பள்ளிகளுக்கும் சுற்றறிக்கை அனுப்ப வேண்டுகிறேன். காகிதத்தோடு விட்டுவிடாமல், காலை ஆறு மணிக்கு வேன்கள் ஓடுகிற சாலையில் அதிகாரிகள் ஒருமுறை நேரில் வந்து பார்க்க வேண்டும். அரையாண்டுத் தேர்வுக்கு முன்பே இதைச் செய்து தாருங்கள் ஐயா.

இப்படிக்கு,
ஒரு தாய்