செலவழித்துவிட்டு வாருங்கள் என்றால்...

ஆசிரியர் அவர்களுக்கு,

பள்ளி விட்டபின் பிள்ளைகளுக்குப் பாடமும் விளையாட்டும் சொல்லித்தரும் சமூக மையம் ஒன்று மூடப்பட்டால், ‘நிதி கிடைக்கவில்லை’ என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். நிதி ஒப்புதலான பிறகு மூடப்படும் மையங்களும் உண்டு.

காரணம், பணம் வரும் முறை. முதலில் செலவழியுங்கள், காலாண்டு முடிந்ததும் ரசீதுகளைக் கொடுத்துப் பெற்றுக்கொள்ளுங்கள் என்பது பல நிதி உதவிகளின் நிபந்தனை. மூன்று மாதக் கணக்கு, அதைச் சரிபார்க்க இரண்டு மாதம் என்றால், முதல் காசு வருமுன் ஐந்து மாதச் சம்பளத்தை மையமே போட்டாக வேண்டும். ஒரு ரசீதில் தேதி விட்டுப்போனாலும் கோப்பு திரும்பி வரலாம். அதற்குள் பயிற்றுநர் வேறு வேலை தேடிக்கொள்வார். ஒரு மாதம் கதவு பூட்டிக் கிடந்தால் பிள்ளைகள் சிதறிவிடுவார்கள். அதிலும் பெரிய பிள்ளைகளைத் திரும்ப அழைத்துவருவது கடினம். வருகை குறைந்துவிட்டது என்று அடுத்த ஆண்டு நிதியிலும் கை வைப்பார்கள்.

மையங்கள் பக்கமும் தவறு இருக்கிறது. பதிவேட்டில் 40 பெயர், அன்றாடம் வருவது சராசரியாக 26 என்று வைத்துக்கொள்வோம். செலவை 40-ஆல் வகுத்துத் தலைக்கு இவ்வளவு என்று ஒப்புக்கொண்டபின், வந்த பிள்ளைகளுக்கு மட்டும் பணம் வந்தால் 35 விழுக்காடு துண்டு விழும். வாடகையும் சம்பளமும் வருகையைப் பார்த்துக் குறைவதில்லையே. சராசரி வருகையால் வகுப்பதே சரி. பதிவேட்டில் வெறும் டிக் போதாது. வந்த நேரம், போன நேரம் இரண்டும் இருந்தால்தான் தணிக்கையில் நிற்கும்.

வகுப்பு மூன்று மணி நேரம் என்றால் பயிற்றுநரின் வேலை நான்கு மணி நேரம். கதவு திறப்பது, பாடம் தயாரிப்பது, கடைசிப் பிள்ளையை அழைத்துப்போக ஆள் வரும்வரை காத்திருப்பது எல்லாம் அந்த நான்காவது மணியில் அடங்கும். அதை விண்ணப்பத்தில் எழுதத் தயங்கக் கூடாது. பழைய கணினிகளை அன்பளிப்பாகத் தருபவர்களுக்கு நன்றி; பழுது பார்க்கும் செலவையும் சேர்த்துத் தந்தால் அவை மூலையில் கிடக்காது.

நிதி தருவோர் செய்ய வேண்டியது பெரிதல்ல. பள்ளி திறப்பதற்கு இரண்டு மாதம் முன்பே முடிவைச் சொல்லுங்கள். ஒப்பந்தம் கையெழுத்தானதும் 30 விழுக்காட்டை முன்பணமாகக் கொடுங்கள். பணம் வீணாகுமோ என்ற அச்சம் இருந்தால், கடைசி 10 விழுக்காட்டைக் கணக்கு முடியும்வரை நிறுத்திவைக்கலாம்.

இப்படிக்கு,
மாலை நேர மையங்களின் கணக்குப் பொறுப்பாளர்கள்