நீக்கிவிட்டு மறுபடி போட்டாலும் திறக்காதது ஏன்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடிதம், கணக்கு போன்ற அலுவலக வேலைக்கான லிப்ரேஆபிஸ் மென்பொருள் அப்டேட் ஆன மறுநாள் திறக்கவில்லை, முகப்புப் படம் வந்ததும் மறைந்துவிடுகிறது, அதன் தட்டச்சுப் பகுதியான ரைட்டரில் இரண்டு வரி அடிப்பதற்குள் மூடிக்கொள்கிறது என்று கேட்பவர்களுக்குப் பத்திரிகைகளின் கணினிப் பக்கங்களில் வாடிக்கையாகக் கிடைக்கும் பதில், ‘நீக்கிவிட்டு மறுபடி நிறுவுங்கள்’ என்பதுதான். சர்வீஸ் கடைக்குப் போனால், ‘ஃபார்மேட் போட்டாத்தான் சரியாகும்’ என்பார்கள். முதல் யோசனை பெரும்பாலும் பலிக்காது. இரண்டாவது பலிக்கும், ஆனால் அது மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிற கதை. ஜாப் டைப்பிங் கடைகளும் பள்ளி அலுவலகங்களும் இந்த இலவச மென்பொருளை நம்பி வேலை பார்ப்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறோம்.

லிப்ரேஆபிஸ் கணினியில் இரண்டு இடத்தில் குடியிருக்கிறது. மென்பொருள் இருப்பது ப்ரோகிராம் ஃபைல்ஸில். நீங்கள் மாற்றிய அமைப்புகள், சேர்த்த எக்ஸ்டென்ஷன்கள் (துணை நிரல்கள்), அகராதியில் சேர்த்த சொற்கள், டெம்ப்ளேட்டுகள் (மாதிரிப் படிவங்கள்), மேக்ரோக்கள் (வேலையைத் தானாகச் செய்யும் சிறு நிரல்கள்) எல்லாம் இருப்பது உங்கள் பயனர் கணக்கின் கீழே மறைந்து கிடக்கும் ப்ரொஃபைல் ஃபோல்டரில். அன்இன்ஸ்டால் செய்தால் போவது முதல் இடம் மட்டும். ப்ரொஃபைலை அது வேண்டுமென்றேதான் தொடாமல் விடுகிறது; அடுத்த பதிப்பிலும் உங்கள் அமைப்புகள் அப்படியே கிடைக்க வேண்டும் அல்லவா? ஆகவே, பழுது ப்ரொஃபைலில் இருந்தால், எத்தனை தடவை நீக்கி நிறுவினாலும் புது மென்பொருள் வந்து அதே பழைய ஃபோல்டரைத் திறந்து அதே பள்ளத்தில் விழும்.

அந்த ஃபோல்டரைப் பார்க்க, விண்டோஸ் விசையையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்துங்கள். வரும் சிறு கட்டத்தில் சதவீதக் குறி, அதையொட்டி ஆப்டேட்டா என்ற சொல், மறுபடி சதவீதக் குறி என்று இடைவெளி விடாமல் ஆங்கிலத்தில் தட்டி என்டர் கொடுங்கள். திறக்கும் இடத்தில் லிப்ரேஆபிஸ், அதனுள் ‘4’, அதனுள் ‘யூசர்’. அந்த 4 என்பது 2013 பிப்ரவரியில் வந்த 4.0 பதிப்பின் நினைவுச் சின்னம். பிறகு 5, 6, 7 எல்லாம் வந்து போயின. 2024 ஜனவரி இறுதியில் எண்ணிடும் முறையே மாறி, ஆண்டையும் மாதத்தையும் சேர்த்து 24.2 என்றானது. ஃபோல்டர் மட்டும் இன்றும் 4தான். ஒரே கணினியில் பதிப்பு மேல் பதிப்பாக ஏற்றி வந்தவரின் ப்ரொஃபைலில் எத்தனை வருடத்துக் குப்பை சேர்ந்திருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, திறக்காவிட்டால் எங்கே தொடங்குவது? முதலில் ரீஸ்டார்ட். ஷட்டவுன் செய்து மறுபடி போடுவது ரீஸ்டார்ட் ஆகாது. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதி இயங்கும் விண்டோஸில் ஷட்டவுன் என்பது பாதித் தூக்கம்தான். டிரைவர்கள் (கணினியின் பாகங்களை இயக்கும் நிரல்கள்) பழைய நிலையிலேயே எழுந்து வரும். அப்டேட் நடந்தபோது பயன்பாட்டில் இருந்த கோப்புகள் மாற்றப்படாமல் காத்திருந்தால், ரீஸ்டார்ட் செய்தால்தான் அவை முழுதாக இடம் மாறும்.

அதன் பிறகும் ஐகானைத் தட்டினால் சலனமே இல்லை என்றால், டாஸ்க் மேனேஜரைத் திறந்து டீட்டெய்ல்ஸ் பக்கத்தைப் பாருங்கள். எஸ்ஆபிஸ் என்ற பெயரில் இரண்டு இருக்கும்: ஒன்று ‘எக்ஸ்இ’ என்று முடியும், மற்றது ‘பின்’ (பி, ஐ, என்) என்று முடியும். திரையில் எதுவும் தெரியாமல் இவை உள்ளே தொங்கிக்கொண்டிருந்தால், புதிதாகத் தட்டும்போதெல்லாம் அந்தத் தொங்கலிடமே வேலை போய்ச் சேரும். இரண்டையும் எண்ட் டாஸ்க் கொடுத்து முடியுங்கள். ‘உங்கள் அமைப்புகள் பூட்டப்பட்டுள்ளன’ என்ற பொருளில் ஆங்கிலச் செய்தி வந்தால், முன்பு சொன்ன ‘4’ ஃபோல்டருக்குள் புள்ளியில் தொடங்கும் லாக் (பூட்டு) என்ற கோப்பு மிஞ்சியிருக்கும். எஸ்ஆபிஸ் ஓடவில்லை என்று உறுதிசெய்துகொண்டு அதை அழிக்கலாம். ஆவணம் இருக்கும் ஃபோல்டரில், ஆவணத்தின் பெயரோடு ஹேஷ் குறியில் முடியும் லாக் கோப்பு வேறு. ‘வேறொருவர் திருத்திக்கொண்டிருக்கிறார்’ என்று மிரட்டுவது அது. நெட்வொர்க்கில் உள்ள பொது ஃபோல்டர் என்றால், உண்மையிலேயே பக்கத்து மேசைக்காரர் திறந்து வைத்திருக்கிறாரா என்று கேட்டுவிட்டு அழியுங்கள்.

இவ்வளவுக்கும் மசியவில்லை என்றால் சேஃப் மோட். விண்டோஸின் சேஃப் மோட் இல்லை, லிப்ரேஆபிஸின் சொந்த சேஃப் மோட். 2017இல் வந்த 5.3 பதிப்பிலிருந்து இருக்கிறது. ஸ்டார்ட் மெனுவில் லிப்ரேஆபிஸ் வரிசையிலேயே அதற்குத் தனி ஐகான் உண்டு. அப்படித் திறக்கும்போது மென்பொருள் தற்காலிகமாக ஒரு புது ப்ரொஃபைலை வைத்துக்கொள்கிறது, வரையும் வேலையை கிராபிக்ஸ் கார்டிடம் விடும் ஹார்ட்வேர் ஆக்சிலரேஷனையும் நிறுத்திவிடுகிறது. நோயைக் கண்டுபிடிக்க இதைவிட நல்ல சோதனை கிடையாது. சேஃப் மோடில் நன்றாகத் திறந்தால் மென்பொருளில் கோளாறு இல்லை. குற்றவாளி அமைப்புகள், எக்ஸ்டென்ஷன், கிராபிக்ஸ் இந்த மூன்றில் ஒன்று. சேஃப் மோடிலும் விழுந்தால் மட்டுமே மறுநிறுவலைப் பற்றி யோசிக்க வேண்டும்.

முதலில் வரும் பெட்டியில் நான்கு வழிகள் இருக்கும். அவசரப்பட்டுக் கடைசியில் உள்ள ‘முழு ப்ரொஃபைலையும் ரீசெட் செய்’ என்பதைத் தொடாதீர்கள். சேர்த்துவைத்த டெம்ப்ளேட்டும் மேக்ரோவும் அதோடு போய்விடும். மேலேயுள்ள ‘பேக்அப்பிலிருந்து மீட்டெடு’ என்பதிலிருந்து தொடங்குங்கள். கடைசியாக நன்றாக ஓடிய அமைப்பின் நகலை மென்பொருள் தானாகவே எடுத்து வைத்திருக்கும். அது சரியாக இருந்தால் வேலை அங்கேயே முடிந்தது. இல்லையென்றால் அடுத்ததில் எக்ஸ்டென்ஷன்கள் எல்லாவற்றையும் நிறுத்திப் பாருங்கள், பிறகு ஹார்ட்வேர் ஆக்சிலரேஷனை. ஒரு தடவைக்கு ஒன்று மட்டும். இரண்டையும் சேர்த்து நிறுத்திவிட்டால் எது காரணம் என்று கடைசி வரை தெரியாது.

கிராபிக்ஸ் விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். 2020 ஆகஸ்டில் வந்த 7.0 பதிப்பிலிருந்து விண்டோஸில் திரையில் வரையும் வேலையை ஸ்கியா என்ற நிரல் தொகுப்பு செய்கிறது. அது வல்கன் என்ற கிராபிக்ஸ் இடைமுகம் வழியாக கிராபிக்ஸ் கார்டிடம் நேரடியாகப் பேசும். கார்டின் டிரைவர் பழையதாகவோ கோளாறாகவோ இருந்தால், விண்டோ திறந்து முதல் கோடு வரையும்போதே மொத்தமும் சரியும். ‘நேற்று வரை நன்றாகத்தானே ஓடியது?’ என்பார்கள். லிப்ரேஆபிஸ் மாறாவிட்டாலும் விண்டோஸ் அப்டேட் டிரைவரை மாற்றியிருக்கும். பல சமயம் இரண்டும் ஒரே ராத்திரியில் நடந்திருக்கும்.

இதை ஊகிக்க வேண்டியதில்லை, பார்த்தே சொல்லலாம். விண்டோஸின் பிழைப் பதிவுகளைக் காட்டும் ஈவென்ட் வியூவரில் விண்டோஸ் லாக்ஸ் (பதிவுகள்), அதற்குள் அப்ளிகேஷன். கிராஷ் ஆன நேரத்துக்கு நேரே சிவப்புக் குறியுடன் 1000 என்ற ஈவென்ட் எண் இருக்கும். அதைத் திறந்தால் ‘ஃபால்டிங் மாட்யூல்’ என்ற வரியில் ஒரு கோப்பின் பெயர் வரும். பெயர் என்வி என்று தொடங்கினால் அநேகமாக என்விடியா டிரைவர். ஐஜி என்று தொடங்கினால் இன்டெல். அப்படி வந்தால் மடிக்கணினித் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து டிரைவரைப் புதுப்பியுங்கள். அது முடியாத பழைய கணினி என்றால், டூல்ஸ், ஆப்ஷன்ஸ், லிப்ரேஆபிஸ், வியூ என்று போய் ஸ்கியாவை மென்பொருள் வழியாக மட்டும் வரையச் சொல்லும் கட்டத்தைக் குறியிட்டுவிடுங்கள். கடிதம் அடிக்கும் வேலைக்கு வேகத்தில் வித்தியாசமே தெரியாது. ஃபால்டிங் மாட்யூல் வேறு எதையாவது காட்டினாலும் அந்தப் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். உதவி கேட்கும்போது ‘கிராஷ் ஆகிறது’ என்ற ஒரு வாக்கியத்தைவிட அந்தப் பெயருக்கு மதிப்பு அதிகம்.

எதுவும் பலிக்காதபோது ப்ரொஃபைலைப் புதிதாக்கலாம், ஆனால் அழித்து அல்ல. லிப்ரேஆபிஸை மூடிவிட்டு ‘யூசர்’ ஃபோல்டரின் பெயரை ‘யூசர் பழையது’ என்பதுபோல் மாற்றுங்கள். அடுத்த தடவை திறக்கும்போது மென்பொருள் தானே புதிதாக ஒன்றை உண்டாக்கிக்கொள்ளும். நன்றாகத் திறந்தால், மறுபடி மூடிவிட்டு, பழையதிலிருந்து டெம்ப்ளேட், ஆட்டோடெக்ஸ்ட், ஆட்டோகர், வேர்ட்புக், பேசிக் ஆகிய ஃபோல்டர்களை மட்டும் புதியதில் ஒட்டுங்கள். சொந்தச் சொற்கள் வேர்ட்புக்கிலும், மேக்ரோக்கள் பேசிக்கிலும் இருக்கும். ரெஜிஸ்ட்ரி மாடிஃபிகேஷன்ஸ் என்ற கோப்பையும் யூனோ பேக்கேஜஸ் ஃபோல்டரையும் ஒருபோதும் கொண்டுவராதீர்கள். முன்னது அமைப்புகளின் மொத்தப் பட்டியல், பின்னது எக்ஸ்டென்ஷன்களின் வீடு. பழுது இருந்ததே அநேகமாக இந்த இரண்டில்தான்.

கிராஷில் மாட்டிய ஆவணம் இருந்தால், பெயர் மாற்றிய ஃபோல்டருக்குள் பேக்அப் என்ற ஃபோல்டரையும் ஒருமுறை பாருங்கள். ஆட்டோ ரெக்கவரி சேமிப்பது வழக்கமாகப் 10 நிமிடத்துக்கு ஒருமுறை. திறக்கும்போதெல்லாம் ‘மீட்கவா?’ என்று கேட்டு, மீட்கப்போய் அங்கேயே விழும் சுழலில் சிக்கியவர்கள், மீட்பை வேண்டாம் என்று தள்ளுவதற்கு முன் இந்த ஃபோல்டரை நகலெடுத்து வைப்பது நல்லது.

தமிழில் தட்டச்சு செய்பவர்கள் புது ப்ரொஃபைலோடு திறந்ததும் பதறுவது வேறு காரணத்துக்காக. எழுத்துரு மாறியிருக்கும், தமிழ்ச் சொற்களுக்கெல்லாம் சிவப்புக் கோடு விழும். ஆவணத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. இயல்பு அமைப்புதான் போயிருக்கிறது. லிப்ரேஆபிஸ் தமிழை ‘காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்’ என்ற வகையில் தனியாக வைத்திருக்கிறது. ஆப்ஷன்ஸில் மொழிப் பகுதிக்குப் போய் அந்தக் கட்டத்தைக் குறியிட்டுத் தமிழைத் தேர்ந்தெடுங்கள். பிறகு ரைட்டர் பகுதியில் அதே வகைக்கான அடிப்படை எழுத்துருக்களில் நிர்மலாவையோ லதாவையோ வையுங்கள். மேற்கத்திய எழுத்துருவுக்கான பக்கத்தில் மாற்றினால் தமிழுக்கு அது ஒட்டாது. பலர் தவறுவது இந்த இடத்தில்தான்.

ஃபார்மேட்டை ஏன் வேண்டாம் என்கிறோம் என்பதற்கும் இங்கேதான் பதில் இருக்கிறது. பழைய கடிதங்களும் ரசீதுகளும் பாமினி போன்ற யூனிகோட் அல்லாத எழுத்துருவில் இருக்கும் கடைகள் இன்னும் ஏராளம். அந்த எழுத்துரு விண்டோஸின் ஃபான்ட்ஸ் ஃபோல்டரில் இருக்கிறது. ஃபார்மேட்டில் அதுவும் போய்விடும். பிறகு ‘தமிழ்’ என்ற சொல் இருந்த இடத்தில் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்று ஆங்கிலக் கோலம் நிற்கும். கோப்பு கெட்டுவிட்டது என்று மறுபடி தட்டச்சு செய்ய உட்கார்ந்துவிடாதீர்கள். எழுத்துருவை நிறுவினால் திரும்பிவரும். ஃபார்மேட் தவிர்க்கவே முடியாது என்றால், ஃபான்ட்ஸ் ஃபோல்டரையும் ப்ரொஃபைலையும் பென் டிரைவில் எடுத்த பிறகே கணினியைக் கடையில் கொடுங்கள்.

கிராஷ் இல்லாமல், ஆவணம் திறக்க ஒரு யுகம் ஆகிறது என்றால், டிஃபால்ட் பிரிண்டர் அணைந்து கிடக்கும் நெட்வொர்க் பிரிண்டரா என்று பாருங்கள். பிடிஎஃப் பிரிண்டரை டிஃபால்ட் ஆக்கியதும் சட்டென்று திறந்தால் காரணம் அதுதான். இன்னொன்று, விண்டோஸ் 7, 8, 8.1 வைத்திருப்பவர்கள் 2025 ஆகஸ்டில் வந்த 25.8 பதிப்பையோ அதற்குப் பிந்தியதையோ ஏற்ற முயல்வது வீண். அந்த விண்டோஸ்களுக்கான ஆதரவு அதோடு நின்றுவிட்டது. லினக்ஸில் ப்ரொஃபைல் இருப்பது ஹோம் ஃபோல்டரில் மறைந்துள்ள கன்ஃபிக் ஃபோல்டருக்குள். கன்ட்ரோலும் ஹெச்சும் அழுத்தினால் தெரியும். ஸ்னாப் அல்லது ஃப்ளாட்பேக் என்ற தனி நிறுவல் முறைகள் வழியாக நிறுவியிருந்தால் இடமே வேறு. தவறான ஃபோல்டரைப் பெயர் மாற்றிவிட்டு ‘ஒன்றும் நடக்கவில்லை’ என்பது இதனால்தான்.

புது ப்ரொஃபைலோடு திறந்து பார்க்கும் வித்தை ஃபயர்ஃபாக்ஸ் உலாவி, தண்டர்பேர்ட் அஞ்சல் மென்பொருள் போன்றவற்றுக்கும் பொருந்தும். ஆனால் தண்டர்பேர்டில் கை வைக்கும்போது கவனம்: கணினியில் இறக்கிவைத்த அஞ்சல்களே ப்ரொஃபைலுக்குள்தான் இருக்கின்றன. பழையதை அழித்தால் அஞ்சலும் போகும்.

பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் புதுப் பதிப்பு வந்த வாரமே அலுவலகக் கணினிகள் அத்தனையிலும் ஏற்றுவதை நாங்கள் ஒப்புக்கொள்வதில்லை. பிழைத்திருத்த வெளியீடுகள் இரண்டு மூன்று வரட்டும், அதுவரை முந்தைய வரிசை போதும். ஏற்றுவதற்கு முன் சேஃப் மோட் பெட்டியின் அட்வான்ஸ்ட் பகுதியில் ப்ரொஃபைலை ஸிப் கோப்பாக எடுத்து வைத்துக்கொள்ளலாம். ஒரு நிமிட வேலை.

தங்களிடம் ஒரு கோரிக்கை. கேள்வி அனுப்பும் வாசகரிடம் லிப்ரேஆபிஸின் பதிப்பு எண், விண்டோஸ் எது, சேஃப் மோடில் திறக்கிறதா, ஃபால்டிங் மாட்யூல் வரியில் என்ன இருக்கிறது ஆகிய நான்கையும் கேட்டு வாங்குங்கள். மென்பொருள் திறக்காவிட்டாலும் செட்டிங்ஸில் ஆப்ஸ் பட்டியலில் பதிப்பு எண் தெரியும்.

இப்படிக்கு,
கணினிப் பராமரிப்புப் பணியாளர்கள் சிலர்,
திருச்சி.