முள்ளங்கியில் இரண்டு வரிசை, கேரட்டில் நான்கு

தண்டையார்பேட்டை,
ஞாயிறு மாலை

அன்புள்ள வசந்தா,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. பேத்திக்குக் காது குத்தியாச்சு என்று படித்ததும் சந்தோஷம். மொட்டைத் தலையோடு எடுத்த போட்டோ இருந்தால் வாட்ஸ்அப்பில் அனுப்பு. இங்கே எல்லாரும் சவுக்கியம். அவர் காலையில் கடற்கரை வரை நடந்துவிட்டு வருகிறார். எனக்கு முட்டி ஒத்துழைக்கவில்லை, மொட்டை மாடியோடு சரி. ஐப்பசி பிறந்தும் மழை சரியாகப் பிடிக்கவில்லை. ஆனால் கொசு மட்டும் வந்துவிட்டது.

கீழ்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்திருக்கிறார்கள். அவர்கள் பெண் 11-ஆம் வகுப்பு, பியூர் சயின்ஸ். நான் பாட்டனி படித்தவள் என்று தெரிந்த நாளிலிருந்து, "ஆயா, ஒரு டவுட்டு" என்று நோட்டோடு மாடி ஏறிவிடுகிறாள். போன வாரம் கொண்டுவந்தது அவரை வேரின் குறுக்கு வெட்டுப் படம். அதே படம்தான், நாம் ரெக்கார்டு நோட்டில் பென்சில் சீவிச் சீவி வரைந்தோமே! வெளியில் மேல்தோலாக எபிபிளெமா, அப்புறம் அகலமான புறணி, அதன் உள்வரிசையாக அகத்தோல், அதற்குள் மெல்லிய வளையமாகப் பெரிசைக்கிள், நடுவில் நான்கு கை நீட்டிய, தண்ணீர் ஏற்றும் சைலம், கைகளுக்கு இடையில் உணவு கடத்தும் ஃபுளோயம். அழகாக வரைந்திருந்தாள். எல்லாப் பெயரும் மனப்பாடம். ஆனால் வேரை வெட்டிப் பார்த்தது கிடையாது. பள்ளியில் தயாராக வைத்திருக்கும் சிலைடை ஆளுக்கு ஒரு நொடி காட்டுவார்களாம். வரிசை பெரியது, மைக்ரோஸ்கோப்பு ஒன்று. இப்படிப் படித்தால் அந்தப் படம் கோலம் மாதிரிதான் மனதில் நிற்கும், செடியாக நிற்காது.

அவள் கேட்டது நல்ல கேள்வி. "தண்டுல சைலமும் ஃபுளோயமும் ஒரே கற்றையில இருக்கு. வேர்ல மட்டும் ஏன் தனித்தனியா?" தண்ணீர் உள்ளே வருகிற வழியை யோசித்துப் பார் என்றேன். வேரில் சைலத்தின் கைநுனி பெரிசைக்கிளைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. முதலில் உண்டாகும் புரோட்டோசைலம் அந்த வெளிநுனியில்தான் இருக்கிறது, மெட்டாசைலம் பிறகு உள்நோக்கி உண்டாகிறது. அதனால் புறணியைத் தாண்டி வரும் தண்ணீர் ஃபுளோயத்துக்குள் நுழையாமல் நேரே குழாய்க்குப் போய்விடலாம்.

அவள் தலையை ஆட்டினாள், முகத்தில் நம்பிக்கை இல்லை. சரி, அடுப்படிக்கு வா என்று கூட்டிப்போய் சாம்பாருக்கு வாங்கி வைத்திருந்த முள்ளங்கியைக் கையில் கொடுத்தேன். உடம்பில் மெல்லிய வேர் எங்கே எங்கே ஒட்டியிருக்கிறது என்று பார்க்கச் சொன்னேன். இந்தப் பக்கம் ஒரு வரிசை, நேர் எதிர்ப்பக்கம் ஒரு வரிசை. பீட்ரூட்டிலும் அப்படியே, எதிரெதிராக இரண்டு பள்ளம். பக்கவேர் கண்ட இடத்தில் முளைக்காது இல்லையா? சைலத்தின் கை எங்கே நீண்டிருக்கிறதோ அதற்கு எதிரே இருக்கும் பெரிசைக்கிளில்தான் பொதுவாகக் கிளம்பும். முள்ளங்கிக்கும் பீட்ரூட்டுக்கும் கை இரண்டு, அதனால் வரிசையும் இரண்டு. பட்டாணி நாற்றைப் பிடுங்கினால் மூன்று. வேரை வெட்டாமலே, மைக்ரோஸ்கோப்பு இல்லாமலே, உள்ளே எத்தனை கை என்று எண்ணிவிடலாம்.

உடனே கேரட்டை எடுத்து எண்ணிவிட்டு, "நாலு வரிசை, அப்ப நாலு கை" என்றாள். இல்லை! கேரட்டுக்கும் கை இரண்டுதான். கேரட்டின் குடும்பத்தில் புரோட்டோசைலத்துக்கு நேர் எதிரே பெரிசைக்கிளில் எண்ணெய்க் குழல் ஒன்று இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. கேரட் வாசனையே அந்த எண்ணெய்தானே! நேர் இடம் போய்விட்டதால் பக்கவேர் கைக்கு இருபுறமும் ஒதுங்கி முளைக்கிறது. இரண்டு கை, நான்கு வரிசை. இதைச் சொன்னதும் அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே. அன்று சாம்பார் தாமதம்.

அப்புறம் வெட்டிக் காட்டினேன். கேரட்டின் நடுவில் வெளிறிய தண்டு மாதிரி இருப்பது சைலம், சுற்றி இருப்பது பெரும்பாலும் ஃபுளோயம். இனிப்பு வெளிப்பக்கம் அதிகம். முள்ளங்கியில் தலைகீழ், நாம் தின்பதில் பெரும்பங்கு சைலம். பீட்ரூட்டின் வட்டங்கள் புதுச் செல்களை உண்டாக்கும் ஒரே கேம்பியம் அடுக்கால் வந்தவை அல்ல, வெளிப்பக்கமாகப் புதுப்புதுக் கேம்பியம் தோன்றி ஒவ்வொன்றும் தனி வளையம் போடுகிறது.

தண்டில் கிளை மேல்மட்டத்து மொட்டிலிருந்து வருகிறது, வேரிலோ ஆழத்திலிருந்து புறணியைத் துளைத்துக்கொண்டு வர வேண்டும். வழியில் இருக்கும் அகத்தோல் என்ன செய்கிறது தெரியுமா? கடுகுக் குடும்பத்து ஆய்வுச் செடியான அராபிடாப்சிஸில் 2014-இல் பார்த்துச் சொன்னார்கள். பக்கவேருக்கு மேலே இருக்கும் அகத்தோல் செல்கள் தாமே சுருங்கி இடம் விடுகின்றன. அவை சுருங்க மறுத்தால் பெரிசைக்கிளில் முதல் செல் பிரிதலே நடப்பதில்லை. நாம் படித்த காலத்தில் வேர் முட்டிக்கொண்டு வெளியே வரும் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள்.

நமக்குப் பரீட்சையில் அகத்தோலுக்கு இரண்டு மார்க், அதன் செல்சுவர்களில் ஓடும் காஸ்பேரியன் பட்டைக்கு ஒன்று. எனக்கு இப்போது வேரிலேயே முக்கியமான இடம் அதுதான் என்று தோன்றுகிறது. ராபர்ட் காஸ்பாரி அந்தப் பட்டையை 1865-இல் விவரித்தார். அது தக்கையில் இருக்கும் மெழுகு மாதிரியான சூபரினால் ஆனது என்று நாம் எழுதி மார்க் வாங்கினோம். 2012-இல் அராபிடாப்சிஸில் சோதித்துப் பார்த்ததில், அந்தப் பட்டை முதலில் உண்டாகும்போது மரத்துக்கு உறுதி தரும் லிக்னினால் ஆகிறது என்று தெரிந்தது. சூபரின் பிறகுதான் வந்து செல் முழுக்கப் படிகிறது. அந்தப் பெண்ணுக்கு இப்படி விளக்கினேன். மண் தண்ணீர் புறணி வரைக்கும் நம் வண்ணாரப்பேட்டைச் சந்துகளில் நடப்பதுபோல செல்சுவர் வழியாகவே வந்துவிடும், எந்த வீட்டுக்குள்ளும் நுழையத் தேவையில்லை. அகத்தோலில் எல்லாச் சந்தும் அடைப்பு. இனி வீட்டுக்குள் புகுந்துதான் போக முடியும். வீடு என்றால் கதவு உண்டு, அதாவது செல் சவ்வு. எதை விடுவது, எதை நிறுத்துவது என்று முடிவாவது அங்கேதான்.

இதை நினைத்துக்கொண்டே எண்ணூர் போனேன். காட்டுக்குப்பத்தில் தெரிந்தவர் வீட்டு விசேஷம். கழிமுகத்து ஓரத்தில் அலையாத்தி நிற்கிறது. நல்ல உப்புத் தண்ணீரில் நிற்கும் மரம், பெரும்பகுதி உப்பை வேரிலேயே நிறுத்திவிடுகிறது. தடுப்பில் பெரும்பங்கு அகத்தோலுக்கு. மீறி வருவதை இலை வெளியே தள்ளும், நக்கிப் பார்த்தால் கரிக்கும். சேற்றிலிருந்து பென்சில் நட்ட மாதிரி எழும்பி நிற்கும் சுவாச வேர்களில் காற்று போகப் பட்டைத்துளைகள், உள்ளே பஞ்சு மாதிரி புறணி. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு இந்தக் கழிமுகத்தில்தான் பரவியது. மீனவர்கள் வலையும் படகும் பாழானதைப் பேசினோம், அது நியாயம். ஆனால் அந்தத் துளைகள்மேல் எண்ணெய் படிந்தால் அடிவேருக்கு மூச்சு போகும் வழியே அடைபடும் என்பதை யாராவது பேசினார்களா?

உனக்கு எழுதுவதற்கு வேறொரு காரணமும் இருக்கிறது. சம்பா நடவு முடிந்தது என்று எழுதியிருந்தாய். நெல் வேரும் சேற்றில்தான் நிற்கிறது, ஆனால் சுவாச வேர் கிடையாது. அதன் புறணியில் செல்கள் வரிசையாகச் செத்துக் காற்றறைகள் உண்டாகின்றன, இலையிலிருந்து காற்று அதன் வழியே கீழே இறங்குகிறது. கசிகிற ஆக்ஸிஜன் சேற்றின் இரும்பைத் துருவாக்கி வேர்மேல் செம்பழுப்பாகப் படிய வைக்கும். ஒரு குத்தைப் பிடுங்கிக் கழுவிப் பாரேன். பழைய வேர் செம்பழுப்பாகவும் புது நுனி வெள்ளையாகவும் இருக்கிறதா என்று சொல். முடிந்தால் பிளேடால் மெல்லிசாக ஒரு சீவல் எடுத்து, அண்ணன் பேப்பர் படிக்கும் லென்ஸில் பார். காற்றறை தெரிந்தாலும் தெரியும். நடுவில் 'பித்' என்ற மென்மையான பகுதியும் சுற்றிலும் நிறைய சைலக் கைகளும் காண மைக்ரோஸ்கோப்பு வேண்டும், அதனால் நாலைந்து வேரை ஈரத்துணியில் சுற்றி பஸ்ஸில் வரும் யாரிடமாவது கொடுத்தனுப்பு. இந்தப் பெண்ணின் டீச்சரிடம் பேசியிருக்கிறேன், சனிக்கிழமை லேபைத் திறந்துவிடுகிறாராம்.

அண்ணனைக் கேட்டதாகச் சொல். மார்கழியில் மெட்ராஸ் வருவதாக இருந்தால் ஹோட்டல் கீட்டல் என்று போகாதே, நம் வீட்டிலேயே தங்கு.

அன்புடன்,
உன் செல்வி